பத்து வயதில் டபுள் ஏ கிடைக்காவிட்டால் என்எச்எல் கதவு மூடிவிடுமா?

கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் இருக்கும் ஒரு தந்தையின் கேள்வி இது. மகனுக்குப் பத்து வயது, நவம்பரில் பிறந்தவன், இரண்டு வருடமாக ஹவுஸ் லீக்கில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். ஏப்ரலில் அதற்கு மேல்நிலையான டபுள் ஏ அணியின் ட்ரையவுட்டுக்கு, அதாவது ஆள் தேர்வுக்கு, போனான், எடுக்கவில்லை. கூட வேலை பார்க்கும் ஒருவர், "பதினொரு வயதுக்குள் ட்ரிபிள் ஏ ஆடாதவன் என்எச்எல் பக்கமே போக முடியாது" என்று சொல்லிவிட்டாராம். (ட்ரிபிள் ஏ இங்கே சிறுவர் ஹாக்கியின் உச்ச நிலை, என்எச்எல் வட அமெரிக்காவின் மேல்மட்டத் தொழில்முறை லீக்.) சிறுவர் லீகில் இருந்து தொழில்முறை ஆட்டம் வரை உண்மையான வழி எது, இப்போதே தாமதமாகிவிட்டதா, தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்டது ஒன்றுதான்: இந்த ஊர் விளையாட்டு எனக்குத் தெரியாததால் என் பையனின் வாய்ப்பு போய்விட்டதா?

போகவில்லை. ஆனால் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொன்னால்தான் இந்தப் பதில் நேர்மையாக இருக்கும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருச்சியில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். முப்பத்திரண்டு வயதில்தான் முதன்முதலாக ஸ்கேட் கட்டினேன். அன்றைக்கு விழுந்த எண்ணிக்கையை என் மனைவி இன்னும் வைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்காக ஐஸ் ரிங்குக்குப் போய், பெஞ்ச் கதவைத் திறந்துவிடும் ஆளாக ஆரம்பித்து, கோச் சான்றிதழ் வாங்கி, பதினான்கு வருடம் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். கடைசி ஆறு வருடம் டபுள் ஏ அணி ஒன்றில் உதவிக் கோச். ட்ரிபிள் ஏ பெஞ்சில் நான் நின்றதில்லை. மேல் அணிகளுக்கு ஆள் தேடி வரும் ஸ்கவுட்களோடு பழக்கம் அரீனாவின் காபி வரிசையில்தான். அந்த அளவுக்கு எடை போட்டு இதைப் படியுங்கள்.

டொராண்டோ பக்கத்தில் ஏணி இப்படி இருக்கும். கீழே ஹவுஸ் லீக்: பணம் கட்டினால் இடம் உண்டு, யாரையும் வெளியே அனுப்ப மாட்டார்கள். அதிலேயே கொஞ்சம் நன்றாக ஆடுபவர்களைச் சேர்த்துக் கூடுதல் ஆட்டம் ஆட வைப்பது செலக்ட். அதற்கு மேல் ட்ரையவுட் வைத்து ஆள் எடுக்கும் அணிகள்: சிங்கிள் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ. நகரத்தில் இவற்றை நடத்துவது ஜிடிஎச்எல். 1911 இல் தொடங்கியது, சிறுவர் ஹாக்கியில் உலகத்திலேயே பெரிய அமைப்பு. வயதுப் பிரிவுகள் யூ9 (ஒன்பது வயதுக்குட்பட்டோர்), யூ11, யூ13, யூ15 என்று போகும். பழைய ஆட்கள் இன்னும் ஆட்டம் (Atom), பீவீ, பேன்டம், மிட்ஜெட் என்ற பழைய பெயர்களைத்தான் சொல்வார்கள், குழம்பாதீர்கள். ஆளோடு ஆள் மோதும் பாடிசெக்கிங் யூ13 வரை கிடையாது. 2013 இல் ஹாக்கி கனடா அதை நிறுத்திவிட்டது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுபோல் தெரியும். ஆனால் மோதல் தொடங்கும் வயதில் அணிகளின் முகமே மாறும். பன்னிரண்டு வயதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்ட பெரிய உடம்புப் பையன் பதினான்கில் காணாமல் போவான். சின்ன உடம்போடு தலை நிமிர்த்தி ஆடக் கற்றவன் அப்போது மேலே வருவான். நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

உண்மையான முதல் சல்லடை பதினைந்து, பதினாறு வயதில் வருகிறது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அது ஓஎச்எல் டிராஃப்ட், அதாவது லீகின் அணிகள் முறை வைத்துப் புதிய பையன்களைத் தேர்ந்தெடுப்பது. பதினாறில் இருந்து இருபது வயது வரை ஆடும் ஜூனியர் ஹாக்கியின் மேல்தட்டு மூன்று லீகுகள்: இங்கே ஓஎச்எல், மேற்கில் டபிள்யூஎச்எல், கியூபெக்கிலும் கிழக்கு மாகாணங்களிலும் கியூஎம்ஜேஎச்எல். மூன்றையும் சேர்த்து சிஎச்எல் என்பார்கள், மொத்தம் அறுபது அணிகள் அளவுக்கு. மேற்கில் இன்னும் சின்ன வயதிலேயே, யூ15 கட்டத்திலேயே டிராஃப்ட் செய்துவிடுகிறார்கள். பதினைந்து வயதிலேயே ஓஎச்எல் ஆட வேண்டுமானால் விசேஷ அனுமதி வேண்டும். அதை முதலில் வாங்கியவர் ஜான் டவாரெஸ், 2005 இல். ஏரன் எக்ப்ளாட் 2011 இல், கானர் மெக்டேவிட் 2012 இல். மேற்கில் முதல் ஆள் கானர் பெடார்ட், 2020 இல். பின்னாளில் என்எச்எல் நட்சத்திரங்களான இந்தப் பெயர்களைக் கேட்டதும் பெற்றோருக்குப் படபடப்பு வருகிறது. ஆனால் 2013 இல் அதே அனுமதி வாங்கிய ஷான் டே, என்எச்எல் டிராஃப்டில் மூன்றாவது சுற்றில், 81 ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். 2019 இல் வாங்கிய ஷேன் ரைட் முதல் இடத்துக்குப் போவார் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்க, 2022 இல் நான்காவதாகத்தான் பெயர் வந்தது. பதினைந்து வயதில், நாடே பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கள் விஷயத்திலேயே கணிப்பு இப்படி வழுக்குகிறது. பத்து வயதில் செய்யும் கணிப்புக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த நவம்பர். கேள்வியில் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. இங்கே வயதுப் பிரிவைப் பிறந்த வருடத்தை வைத்துப் பிரிக்கிறார்கள், ஜனவரி 1 தான் எல்லை. ஜனவரியில் பிறந்தவனும் உங்கள் நவம்பர் பையனும் ஒரே ட்ரையவுட்டில் நிற்பார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து மாதம் என்பது இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. உயரம், கால் பலம், சொன்னதைக் கேட்டு நிற்கும் பொறுமை, எல்லாவற்றிலும் அது தெரியும். கோச் பார்ப்பது திறமை என்று நினைத்துக்கொண்டு பாதி நேரம் வயதைத்தான் பார்க்கிறார். பெரியவனை எடுத்ததும் அவனுக்கு நல்ல கோச், வாரத்துக்கு நான்கு நாள் ஐஸ், நல்ல எதிரணி எல்லாம் கிடைக்கும். அடுத்த வருடம் அவன் நிஜமாகவே திறமையானவனாகி வந்து நிற்பான். கனடிய உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி 1980 களில் இதை எடுத்துக் காட்டினார். ஜூனியர் அணிகளில் வருட ஆரம்ப மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள், கடைசி மாதக்காரர்கள் மிகக் குறைவு. இது திரும்பத் திரும்பச் சரிபார்க்கப்பட்ட விஷயம், இதில் சந்தேகமில்லை.

நானும் இதே தவறைச் செய்தவன்தான். ஒரு வருடம் கடைசி இடத்துக்கு இரண்டு பையன்கள் போட்டி. ஒருவன் தலை உயரம் கூடுதல், பிப்ரவரிப் பிறப்பு. இன்னொருவன் டிசம்பர், பக் (ஐஸில் அடித்து ஆடும் ரப்பர் வட்டு) எங்கே வரும் என்று மற்றவர்களுக்கு முன்னே தெரிந்துவைத்திருப்பான், ஆனால் ஓடிப் போய்ச் சேர முடியாது. உயரமானவனுக்குக் கை தூக்கினேன். மூன்று வருடம் கழித்து அந்த டிசம்பர் பையன் வேறு அணிக்காக ஆடி எங்களுக்கு எதிராக இரண்டு கோல் போட்டான். ஆட்டம் முடிந்து வரிசையில் கை கொடுக்கும்போது அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல வளர்ப்பு.

தாண்டி வந்தவர்களுக்கு இதே கணக்கு சாதகமாகத் திரும்புவதாகவும் ஆய்வுகள் உண்டு: வருடக் கடைசியில் பிறந்தும் டிராஃப்ட் ஆனவர்கள், தங்களை எடுத்த இடத்துக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடியிருக்கிறார்கள். சின்ன வயதில் போராடியதால் வந்த உறுதி அது என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்கவுட்கள் அவர்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள், அவ்வளவுதான் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவது காரணம் சரியாகப் படுகிறது, ஆனால் இன்னும் தீர்ந்த வாதம் இல்லை.

உங்கள் நண்பர் சொன்னதற்கு நேரான பதில் கிறிஸ் டானெவ். டொராண்டோப் பையன், 1989 டிசம்பர் 20 இல் பிறந்தவர். இன்னும் பன்னிரண்டு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் அடுத்த வருடத்து அணியில் மூத்தவராக இருந்திருப்பார். உடம்பு சின்னது என்று அணிகள் ஒதுக்கின. ஓஎச்எல் ஆடவில்லை. ஒரு படி கீழே ஜூனியர் ஏ ஆடிவிட்டு, அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே ஒரு வருடம். என்எச்எல் டிராஃப்டில் யாரும் பெயர் சொல்லவில்லை. 2010 இல் வான்கூவர் அணி டிராஃப்ட் இல்லாமலே ஒப்பந்தம் போட்டது. அதற்குப் பிறகு என்எச்எல்லில் எண்ணூறு ஆட்டங்களுக்கு மேல். அவர் கோல் போட்டுப் பெயர் வாங்கியவரும் இல்லை. பக் எந்தப் பாதையில் வரும் என்று கணித்து, உடம்பைக் கொடுத்து மறிப்பவர். பத்து வயது ட்ரையவுட்டில் இந்தக் குணத்தை எந்தக் கோச்சும் கண்டுபிடிக்க மாட்டார், நான் உட்பட.

உங்கள் பக்கத்துப் பையன் என்றே சொல்லக்கூடியவர் வெய்ன் சிம்மண்ட்ஸ். ஸ்காபரோ, 1988 ஆகஸ்ட். பதினாறு, பதினேழு வயதில் ஓஎச்எல்லில் இல்லை. 2005-06 பருவத்தில் பிராக்வில்லில் ஜூனியர் ஏ ஆடிக்கொண்டிருந்தார். பதினெட்டு வயதில்தான் ஓஎச்எல், ஓவன் சவுண்ட் அணிக்கு. அந்த ஒரு பருவம் போதுமாக இருந்தது. 2007 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் இரண்டாவது சுற்றில் 61 ஆவதாக எடுத்தது, 2008 இல் கனடாவுக்காக உலக ஜூனியர் தங்கம், அதே வருடம் இலையுதிர் காலத்தில் நேராக என்எச்எல். 2017 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் சிறந்த வீரர். ஆயிரம் ஆட்டம் தாண்டி ஓய்வு பெற்றார். ஹாக்கிக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தெரு ஹாக்கி நடத்தியவரும் அவர்தான்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். டானெவும் சிம்மண்ட்ஸும் விதிவிலக்குகள். அதனால்தான் அவர்கள் கதையை நாம் சொல்கிறோம். டிராஃப்டில் முதல் சுற்றில் போகிற கனடியர்களில் பெரும்பாலோர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே அவரவர் பகுதியின் மேல்நிலை அணியில் இருந்தவர்கள். தாமதமாக வரலாம் என்பது உறுதி. தாமதமாக வந்தாலும் ஒன்றும் குறையாது என்று சொன்னால் பொய். பதினான்கு வயதிலும் ஹவுஸ் லீக்கிலேயே இருந்தால், நான் கைகுலுக்கி, நல்ல ஆட்டம் தம்பி, பள்ளி அணியில் சேர்ந்துகொள் என்றுதான் சொல்வேன். ஆனால் பத்து என்பது பதினான்கு அல்ல.

ஓஎச்எல் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பெற்றோர் யாரும் கேட்பதில்லை, எடுத்தால் போதும் என்று இருப்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளை வீட்டை விட்டுப் போகிறான். வேறு ஊரில் பில்லட் குடும்பம் என்று சொல்லும் ஒரு வீட்டில் தங்குவான். அந்த வீட்டு அம்மாவுக்கு இட்லி தெரியாது, ஆனால் பையனுக்கு எவ்வளவு பாஸ்தா வேண்டும் என்று தெரிந்திருக்கும். பருவத்துக்கு 68 ஆட்டம். இரவு ஆட்டம் முடித்து பஸ்ஸில் ஏறி, அதிகாலையில் வந்து இறங்கி, காலையில் பள்ளி. சம்பளம் என்று ஒன்றும் கிடையாது, கைச்செலவுக்கு ஒரு தொகைதான். அதற்குப் பதிலாக, ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகப் படிப்புச் செலவை லீக் ஏற்றுக்கொள்ளும். இந்த உதவித்தொகைக்குக் காலக்கெடுவும் நிபந்தனைகளும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் யாராவது வழக்கறிஞரை வைத்து அந்தப் பக்கத்தைப் படியுங்கள். என் கருத்தில், பெரும்பாலான பையன்களுக்கு ஓஎச்எல் கொடுக்கும் உண்மையான பரிசு அந்தப் பக்கம்தான்.

இதோடு பின்னிய இன்னொரு வழி அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி, என்சிஏஏ. இங்கே பழைய தகவலை நம்பிவிடாதீர்கள். முன்பு சிஎச்எல்லில் ஒரு ஆட்டம் ஆடினாலே தொழில்முறை ஆட்டக்காரன் என்று முத்திரை குத்திக் கல்லூரிக் கதவை மூடிவிடுவார்கள். அதனால் பதினாறு வயதில் ஓஎச்எல்லா, ஜூனியர் ஏ ஆடிவிட்டு அமெரிக்கக் கல்லூரியா என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தாக வேண்டும். டொராண்டோவின் ஸாக் ஹைமன் இரண்டாவது வழியில் போனவர்: ஜூனியர் ஏ, மிச்சிகன் பல்கலைக்கழகம், பிறகு என்எச்எல், 2023-24 இல் 54 கோல். கேல் மகாரும் அப்படித்தான், ஆல்பர்ட்டா ஜூனியர் ஏயில் இருந்து மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் போய் வந்தவர். 2024 நவம்பரில் என்சிஏஏ அந்த விதியைத் தளர்த்தியது. 2025 ஆகஸ்ட் 1 முதல் சிஎச்எல் ஆடியவர்களும் கல்லூரியில் ஆடலாம். உடனே டபிள்யூஎச்எல்லின் மெடிசின் ஹாட் அணியின் கவின் மெக்கென்னா பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இது ஜூனியர் ஏ லீகுகளை வற்றவைக்குமா, பதினெட்டு வயதில் சிஎச்எல்லை விட்டுக் கல்லூரிக்குப் போவது வழக்கமாகிவிடுமா என்று இப்போதைக்கு ஆளுக்கொரு ஜோசியம். உங்கள் மகன் அந்த வயதுக்கு வருவதற்குள் விதிகள் இன்னொரு முறை மாறினாலும் ஆச்சரியமில்லை.

என்எச்எல் டிராஃப்ட் பதினெட்டு வயதில். 32 அணி, ஏழு சுற்று, வருடத்துக்கு 224 பேர், உலகம் முழுவதிலும் இருந்து. டிராஃப்ட் என்பது வேலை நியமனம் இல்லை. உன்னோடு ஒப்பந்தம் பேசும் உரிமை எங்களுக்கு மட்டும் என்று ஒரு அணி துண்டு போட்டு வைப்பது. பெரும்பாலோர் திரும்ப ஜூனியருக்கோ கல்லூரிக்கோ போவார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரரை ஒன்பது ஆட்டம் வரை என்எச்எல்லில் ஆடவிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பலாம். பத்தாவது ஆட்டம் ஆடினால் ஒப்பந்தத்தின் முதல் வருடம் ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் என்எச்எல்லுக்கு அடுத்த படியான ஏஎச்எல் லீக், அதற்குக் கீழே ஈசிஎச்எல், அதுவும் இல்லையென்றால் ஐரோப்பா. ரிச்மண்ட் ஹில்லைச் சேர்ந்த கோல்கீப்பர் (இங்கே கோலி என்பார்கள்) ஜோர்டன் பின்னிங்டன் 2011 இல் மூன்றாவது சுற்றில் டிராஃப்ட் ஆனார். வருடக்கணக்காக ஏஎச்எல்லிலேயே கிடந்தார். என்எச்எல்லில் தொடக்கக் கோலியாக அவர் முதன்முதலில் இறங்கியது 2019 ஜனவரியில். அதே ஜூனில் செயின்ட் லூயிஸ் அணி என்எச்எல் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது கம்பங்களுக்கு நடுவே நின்றவர் அவர்தான்.

எண்களை ஒரு முறை பார்த்துவிடுவோம். என்எச்எல் அணிக்கு 23 பேர் என்றால் மொத்தம் 736 இடம். அதில் கனடியர்கள் பாதிக்கும் குறைவு. ஹாக்கி கனடாவில் பதிவு செய்து ஆடுபவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். விகிதத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டால் கல்நெஞ்சன் என்பீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். ஹவுஸ் லீக் சில நூறு டாலரில் இருந்து ஆயிரம் பக்கம் முடிந்துவிடும். ட்ரிபிள் ஏ இந்த நகரத்தில் பயணம், ஹோட்டல், ஸ்டிக் எல்லாம் சேர்த்து வருடத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். கோலி என்றால் தனிக்கதை. இதற்கு மேல் தனிப்பயிற்சி விற்பவர்கள் ஏராளம். "உங்கள் பையனிடம் ஏதோ இருக்கிறது" என்று முதல் வகுப்பிலேயே சொல்பவரிடம் கவனமாக இருங்கள். அதே வாரத்தில் அதே வாக்கியத்தை இன்னும் மூன்று அப்பாக்களிடம் சொல்வதை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு விஷயத்துக்குச் செலவு செய்யலாம் என்றால் அது பவர் ஸ்கேட்டிங். பின்பக்கம் ஸ்கேட் செய்வது, விளிம்பில் திரும்புவது, நின்று கிளம்புவது, இவை பத்து வயதில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், பதினைந்தில் ஒட்டுவது கஷ்டம். ஷூட்டிங்கை கராஜ் சுவரில் இலவசமாகப் பழகலாம். மற்றபடி நகரத்தின் திறந்தவெளி ரிங்குகளில் குளிர்காலம் முழுக்க ஐஸ் சும்மா கிடைக்கிறது. கோச் இல்லாமல், விசில் இல்லாமல், பெரிய பையன்களோடு ஆடும் ஷின்னியில் சின்ன உடம்புக்காரன் கற்றுக்கொள்வதை எந்த வகுப்பும் கொடுக்காது.

இந்த வருடம் நான் உங்கள் இடத்தில் இருந்தால்: செலக்ட் அணிக்குப் பெயர் கொடுப்பேன், அடுத்த ஏப்ரலில் சிங்கிள் ஏ, டபுள் ஏ இரண்டு ட்ரையவுட்டுக்கும் போகச் சொல்வேன். டபுள் ஏ அணியில் பெஞ்சிலேயே உட்கார்ந்து கதவு திறப்பதைவிட, சிங்கிள் ஏயில் முக்கியமான நேரத்தில் ஐஸில் இருப்பது இந்த வயதில் நல்லது என்பது என் அனுபவம். எல்லாக் கோச்சும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த முறை எடுக்காத கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். அடுத்த வருடத்துக்குள் எந்த ஒன்றைச் சரிசெய்ய வேண்டும் என்று கேளுங்கள். பத்தில் ஏழு பேர் பதில் எழுதுவார்கள், ஏனென்றால் யாரும் அப்படிக் கேட்பதில்லை. உங்கள் மகன் ஆடுவதை நான் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பதில் இந்தப் பதிலைவிட மேலானது. பதில் வந்ததும் அதை மகனிடம் காட்டுங்கள், காரில் வேண்டாம். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் அந்த இருபது நிமிடம் அவனுக்கு ஹாட் சாக்லேட்டோடு சும்மா போகட்டும்.